பள்ளி அளவுகோலும் பால் ஸ்டோர்த் தராசும்

மாலை நேரம். மலாக்கா மாநிலம் குருபோங் வட்டாரத்து வீடொன்றில், ஆரம்பப் பள்ளியில் பயிலும் சிறுமி ஒருத்தி அறிவியல் பயிற்சியை எழுதிக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொள்வோம். "பாட்டி, ஒரு கிலோகிராம் என்றால் எவ்வளவு இருக்கும்?" என்று அவள் கேட்கிறாள். "ஒன்றரைக் காட்டிக்கு மேல் கொஞ்சம் இருக்கும், அம்மா" என்கிறார் பாட்டி. "காட்டி என்றால் என்ன?" என்று பேத்தி திகைக்கிறாள். "ஆயிரம் கிராம் சேர்ந்தது ஒரு கிலோ. நாளும் ஸ்டோரில் பாலை நிறுப்பது அந்தக் கணக்கில்தான்" என்கிறார் வாசலில் அமர்ந்திருக்கும் தந்தை.

பாட்டி சொன்னதும் சரியே. தந்தை சொன்னதும் சரியே. ஆயினும் ஒரே பொருளை ஒரே வீட்டில் இருவர் இருவேறு அளவைகளால் கூறுகின்றனர். இது நமது தோட்டப்புறங்களில் புதிதன்று.

அளவை என்பது பிள்ளைகளின் தேர்வுக்குரிய பாடம், அதில் பெற்றோருக்கு வேலை இல்லை என்னும் எண்ணம் நம்மிடையே பலருக்கு உண்டு. அது சரியான எண்ணமன்று. தோட்டப் பாட்டாளியின் ஊதியம், கடையில் வாங்கும் அரிசி, புல்லுக்கு அடிக்கும் மருந்து, காய்ச்சல் கண்ட குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து ஆகிய யாவும் அளவையையே சார்ந்து நிற்கின்றன. பிள்ளை வகுப்பறையில் கற்கும் பாடமும், தந்தை பால் ஸ்டோரில் காணும் தராசும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

ஊருக்கு ஊர் மாறிய அளவைகள்

நம் முன்னோர் சாண், முழம், படி, மரக்கால், பலம், வீசை என்று அளந்தனர். சாணும் முழமும் மனிதனின் கையிலேயே இருந்ததால் வசதியாக இருந்தன. ஆனால் நெட்டையனின் முழம் வேறு, குட்டையனின் முழம் வேறு. ஓர் ஊர்ப் படி இன்னோர் ஊர்ப் படிக்கு ஒத்திருக்கவில்லை. எனவேதான் தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் வெறுமனே 'மரக்கால்' என்று கூறாமல், 'ஆடவல்லான்' என்று பெயர் பெற்ற மரக்காலையும் நிறைகல்லையும் குறிப்பிட்டுச் சொல்லின. எந்த அளவையால் அளந்தது என்பதைக் கல்லில் வெட்டி வைத்தால்தான் பின்னாளில் வழக்கு எழாது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

நாம் வாழும் மலாக்காவின் கதையும் இத்தகையதே. பல நாட்டு வணிகர்கள் கூடிய இத்துறைமுகத்தில் மிளகும் கிராம்பும் பொன்னும் கைமாறின. 1512-ஆம் ஆண்டில் மலாக்காவுக்கு வந்த தோமே பிரெஸ் என்னும் போர்த்துகீசியர் இங்கு நடந்த வாணிகத்தையும், வழங்கிய எடைகளையும் எழுதி வைத்தார். பெரிய டாச்சிங், சிறிய டாச்சிங் என இருவகை எடைகள் இங்கு இருந்ததை அக்காலத்துப் போர்த்துகீசியக் குறிப்புகளால் அறிகிறோம். 'பஹார்' என்னும் பேரெடையும் வழக்கில் இருந்தது. அது நமது 'பாரம்' என்னும் சொல்லோடு உறவுடையது. பொருளுக்குப் பொருள், துறைமுகத்துக்குத் துறைமுகம் அதன் கனம் மாறியது. இக்கணக்கை அறிந்த வணிகன் பிழைத்தான், அறியாதவன் இழந்தான்.

பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் இறாத்தல், கேலன், அடி, மைல், ஏக்கர் ஆகியவை வந்து சேர்ந்தன. 1896-ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் எனப் போற்றப்படும் அந்நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 40 ஏக்கர். இன்றைய கணக்கில் அது சுமார் 16 ஹெக்டர் ஆகும். தோட்டத்து நிலம் ஏக்கரிலும், பால் கேலனிலும், ரப்பர் இறாத்தலிலும், கடைச் சாமான் காட்டியிலும் அளக்கப்பட்ட காலம் அவ்வாறு தொடங்கிற்று.

இவ்வளவைகளை ஒன்றோடொன்று பொருத்துவது எளிதன்று. 16 தஹில் ஒரு காட்டி. 100 காட்டி ஒரு பிக்குல். 16 அவுன்சு ஓர் இறாத்தல். 12 அங்குலம் ஓர் அடி. 1,760 கெசம் ஒரு மைல். எழுதப் படிக்க வாய்ப்பின்றி நிரையில் நின்ற நம் முன்னோர் எத்தனை பேர் இக்கணக்கைத் தாமே போட்டுச் சரிபார்த்திருக்க முடியும்? பிறர் சொன்னதை நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

பத்தின் கணக்கு

இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு நாட்டிலும் ஊருக்கோர் அளவை வழங்கிற்று. 1789-இல் அங்கு புரட்சி எழுந்தபோது, எல்லாருக்கும் ஒரே அளவை வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. எந்த மன்னனின் கையையோ காலையோ கொள்ளாமல், மக்கள் அனைவருக்கும் பொதுவான பூமியையே அளவுக்கு அடிப்படையாகக் கொள்வது என்று அறிஞர்கள் முடிவு செய்தனர். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் எனப்பட்டது. அத்தூரத்தைக் கணக்கிட டெலாம்பர், மெஷெய்ன் என்னும் இருவர் 1792 முதல் பல ஆண்டுகள் மலையும் கோபுரமும் ஏறி, டன்கர்க் நகருக்கும் பார்சலோனா நகருக்கும் இடைப்பட்ட நிலத்தை அளந்தனர்.

மீட்டரிலிருந்தே மற்ற அளவைகளும் பிறந்தன. ஒவ்வொரு பக்கமும் 10 செண்டிமீட்டர் கொண்ட பெட்டியின் கொள்ளளவு ஒரு லிட்டர். அதில் நிரம்பும் தூய நீரின் பொருண்மை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். யாவும் பத்து, நூறு, ஆயிரம் என்றே ஏறி இறங்கும். 100 காசு ஒரு வெள்ளி என்பதை அறிந்த எவருக்கும் 100 செண்டிமீட்டர் ஒரு மீட்டர் என்பது கடினமன்று.

1875-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் 17 நாடுகள் பாரிசில் மீட்டர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. நம் உறவினர் வாழும் இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி படியும் வீசையும் நீங்கி லிட்டரும் கிலோகிராமும் வந்தன. மலேசியாவில் 1972-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழிவகுத்தது. 1980-களின் தொடக்கத்திற்குள் சாலைப் பலகைகள், பாடநூல்கள், கடைத் தராசுகள் ஆகியவை படிப்படியாகப் புதிய முறைக்கு மாறின. 2001-இல் நம் நாடும் மீட்டர் உடன்படிக்கையில் உறுப்பியம் பெற்றது.

பாரிசுக்கு அருகில் காக்கப்பட்ட ஓர் உலோக உருளையே 1889 முதல் உலகின் கிலோகிராமாக இருந்தது. உருளை தேயலாம், தூசு படியலாம். ஆகவே 2019-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் முதல், என்றும் மாறாத இயற்கை எண் ஒன்றைக் கொண்டு கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. இன்று கிலோகிராம் எந்த நாட்டின் உடைமையுமன்று.

வகுப்பறையில் நடப்பது என்ன?

அறிவியல் வகுப்பில் ஆசிரியர் மாணவர்களிடம் அளவுகோலையும் அளவு உருளையையும் தராசையும் கொடுக்கிறார். அவர் கற்பிக்கும் விதிகள் சிலவே.

முதலாவது, அளப்பதைச் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். அளவுகோலின் முனை தேய்ந்திருந்தால் 1 என்னும் குறியிலிருந்து அளந்து, கிடைத்ததில் ஒன்றைக் கழிக்க வேண்டும். தராசில் பொருளை வைக்கும் முன் முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கண் குறிக்கு நேராக இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஓர் எண்ணும், கீழிருந்து பார்த்தால் வேறோர் எண்ணும் தோன்றும். கண்ணாடி உருளையில் நீரின் மேற்பரப்பு நடுவில் சற்றே குழிந்திருக்கும். அக்குழியின் அடிப்பகுதியைக் கண் மட்டத்தில் வைத்துப் படிப்பதே முறையாகும்.

மூன்றாவது, எண்ணோடு அலகையும் எழுத வேண்டும். '5' என்று மட்டும் எழுதினால் அது 5 கிராமா, 5 கிலோகிராமா என்பது யாருக்குத் தெரியும்? ஆசிரியர் அதற்குப் புள்ளி தருவதில்லை. அது வீண் கண்டிப்பு அன்று.

நான்காவது, ஐயம் இருந்தால் மீண்டும் அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்திருந்தால் அந்த அளவை நம்பலாம்.

வடிவமற்ற கல் ஒன்றின் கன அளவை எப்படிக் காண்பது? உருளையில் 50 மில்லிலிட்டர் நீரை ஊற்றி, கல்லை நூலில் கட்டி மெல்ல இறக்குகின்றனர். நீர் 68 மில்லிலிட்டருக்கு உயர்கிறது. கல்லின் கன அளவு 18 மில்லிலிட்டர், அதாவது 18 கன செண்டிமீட்டர். எவரும் யாருடைய வாக்கையும் நம்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு மாணவனும் தானே கண்டறிகிறான்.

பால் ஸ்டோரில் அதே பாடம்

இனி வகுப்பறையை விட்டு நிரைக்குச் செல்வோம். பால் வெட்டத் தொடங்குவதற்கு மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 45 முதல் 50 செண்டிமீட்டர் வளர்ந்திருக்க வேண்டும். கத்தி பட்டையை வெட்டும்போது உள்ளிருக்கும் வளர்படலத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்பாக நிற்க வேண்டும். அதற்கு மேல் ஆழ்ந்தால் மரம் காயமுறும். மிகவும் மேலாக நின்றால் பால் குறையும். பிள்ளையின் அளவுகோலில் மிகச் சிறிய கோடாகத் தெரியும் அந்த ஒரு மில்லிமீட்டரைத் தாயும் தந்தையும் விடியற்காலை இருளில் கைப்பழக்கத்தால் காக்கின்றனர். அளவையில் தேர்ந்தவர்கள் நாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து ஸ்டோருக்கும் பால் வந்து சேர்கிறது. அங்கு இரண்டு எண்கள் பதிவாகின்றன. ஒன்று பாலின் எடை. மற்றொன்று அதில் உள்ள ரப்பரின் பங்கு. இதனையே உலர் ரப்பர் விழுக்காடு அல்லது டி.ஆர்.சி. என்கிறோம். மரப்பாலில் பெரும்பகுதி நீரே. ரப்பர் பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும். மரத்தின் இனம், பருவம், மழை ஆகியவற்றால் இது மாறும்.

இதனைக் காண்பதற்குரிய திருத்தமான வழி எளியது. பாலில் சிறிதளவை எடுத்து நிறுத்து, திராவகம் சேர்த்து உறையச் செய்து, மெல்லிய தகடாக்கி, நன்கு உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். 10 கிராம் பாலில் 3.4 கிராம் உலர்ந்த ரப்பர் கிடைத்தால் அது 34 விழுக்காடு. விரைவாகக் காண மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி உதவுகிறது. ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் மிதவை ஆழமாக அமிழும். நீர் மிகுந்த பாலில் உயர்ந்து நிற்கும். இதனைப் படிக்கும்போதும் வகுப்பறை விதிகளே பொருந்துகின்றன. நுரையை நீக்க வேண்டும். மிதவை ஆடாமல் நிற்க வேண்டும். கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் கொண்டு வந்த பால், வாளியின் எடையைக் கழித்து, 24 கிலோகிராம். விழுக்காடு 35. அப்படியானால் உலர் ரப்பர் 8.4 கிலோகிராம். அதே பாலைத் தவறுதலாக 33 விழுக்காடு என்று படித்துவிட்டால் 7.92 கிலோகிராம் மட்டுமே பதிவாகும். வேறுபாடு 0.48 கிலோகிராம். இது சிறிதெனத் தோன்றலாம். மாதத்தில் 25 நாள் இப்பிழை நேர்ந்தால் 12 கிலோகிராம் ரப்பர் கணக்கில் வராமல் போகும். யாரும் வேண்டுமென்றே ஏமாற்ற வேண்டியதில்லை. கண்ணைச் சற்று மேலே வைத்துப் படித்தாலே போதும்.

மறுபக்கத்தையும் கூறுவது நம் கடமை. பாலில் நீர் கலந்தால் எடை கூடும் என்று எண்ணுவாரும் உளர். மேற்கூறிய 24 கிலோகிராம் பாலில் 4 கிலோகிராம் நீரைச் சேர்த்தால் எடை 28 கிலோகிராம் ஆகும். விழுக்காடோ 30-க்கு இறங்கிவிடும். 28-இல் 30 விழுக்காடு எவ்வளவு? அதே 8.4 கிலோகிராம். நீர் ரப்பராவதில்லை. சரியான அளவை முதலாளியையும் காக்கும், பாட்டாளியையும் காக்கும். அளவையின் நேர்மை இதுவே.

அளவைகள் கலந்தால் வரும் ஆபத்து

புதிய அளவையையும் பழைய அளவையையும் கலந்தால் படித்தவர்களும் தடுமாறுவர். 1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் கனடா நாட்டில் பெரிய பயணிகள் விமானம் ஒன்று நடுவானில் எண்ணெய் தீர்ந்து இயந்திரங்கள் நின்றுபோன நிலைக்கு ஆளாயிற்று. அந்நாடு அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பயணத்துக்கு வேண்டிய எண்ணெய் 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோகிராமாக மாற்றுவதற்குப் பதிலாக, பழைய வழக்கப்படி இறாத்தலாக மாற்றும் எண்ணால் பெருக்கிவிட்டனர். ஓர் இறாத்தல் 454 கிராம்தான். ஆகவே வேண்டியதில் பாதிக்கும் குறைவான எண்ணெயோடு விமானம் பறந்தது. விமானியின் திறமையால் அது கிம்லி என்னும் இடத்திலிருந்த பழைய விமானத் தளத்தில் சறுக்கி இறங்கிற்று. அதிலிருந்த 69 பேரும் உயிர் தப்பினர். எண்ணோடு அலகையும் எழுத வேண்டும் என்று ஆசிரியர் கண்டிப்பது ஏன் என்பது இப்போது விளங்கும்.

நம் வீட்டில் விமானம் இல்லை. ஆனால் மருந்துப் புட்டி உண்டு. குழந்தைக்கு 5 மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும் என்றால், மருந்தோடு வரும் அளவுக் கரண்டியையோ குவளையையோ பயன்படுத்த வேண்டும். சமையற்கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றில் ஒன்று இரட்டிப்பு மருந்தைக் கொள்ளலாம்.

புல்லுக்கு அடிக்கும் மருந்தும் அவ்வாறே. முதுகில் சுமக்கும் தெளிப்பான் ஒன்று 4 கேலன் கொள்ளுமானால் அது ஏறத்தாழ 18 லிட்டர். எடுத்துக்காட்டாக, 10 லிட்டர் நீருக்கு 50 மில்லிலிட்டர் என்று புட்டியில் எழுதியிருந்தால் 18 லிட்டருக்கு 90 மில்லிலிட்டர் வேண்டும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவது பணத்துக்கும் கேடு, உடலுக்கும் கேடு.

சந்தையிலும் விழிப்பு வேண்டும். காட்டிக் கணக்கில் விலை சொல்லும் பழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. ஒரு காட்டி 604.79 கிராம். மீன் ஒரு காட்டி 6 வெள்ளி என்றால் மலிவாகத் தோன்றும். கிலோகிராமுக்கு அது ஏறத்தாழ 10 வெள்ளி ஆகிறது. பக்கத்துக் கடையில் கிலோகிராம் 9 வெள்ளி என்று எழுதியிருந்தால் அதுவே மலிவு. வாணிபத்துக்குப் பயன்படும் தராசுகள் சரிபார்க்கப்பட்டு அதற்குரிய முத்திரையைப் பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். முத்திரை இல்லாத தராசையோ, சுழியத்தில் நில்லாத முள்ளையோ கண்டால் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகாரும் செய்யலாம்.

பிள்ளையோடு நாமும் கற்போம்

அளவையைக் கற்க விலை உயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பிள்ளையின் அளவுகோலால் நம் சாணை ஒரு முறை அளந்து மனத்தில் வைத்துக்கொண்டால், அளவுகோல் இல்லாத இடத்திலும் நீளத்தை மதிப்பிடலாம். ஒரு லிட்டர் புட்டியில் நீரை நிரப்பிக் கையில் தூக்கிப் பார்த்தால் கிலோகிராமின் கனம் கைக்குத் தெரிந்துவிடும். சம்பளச் சீட்டில் உள்ள எடையையும் விழுக்காட்டையும் பிள்ளையிடம் கொடுத்துப் பெருக்கிச் சரிபார்க்கச் சொல்லலாம். அது பிள்ளைக்குக் கணக்குப் பயிற்சி; நமக்கு உறுதி.

பழைய அளவைகளை இழிவாகக் கருத வேண்டியதில்லை. நிலத்தை ஏக்கரிலும் வீட்டைச் சதுர அடியிலும் பேசும் வழக்கம் இன்றும் உள்ளது. ஒரு ஹெக்டர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர், ஓர் அடி ஏறத்தாழ 30 செண்டிமீட்டர் என்னும் சில எண்களை நினைவில் வைத்தால் இரு வழக்கங்களுக்கும் இடையே தடுமாறாமல் செல்லலாம். பாட்டியின் காட்டிக் கணக்கைப் பேத்தி கேட்டு எழுதி வைத்துக்கொள்வதும் நன்றே.

குருபோங்கில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டையும் எழுந்துள்ளன. தோட்டப் பிள்ளைகளில் பலர் நாளை தொழிற்சாலைக்குச் செல்வர். சிலர் ஆய்வுக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் செல்வர். அங்கெல்லாம் மில்லிமீட்டரும் மில்லிலிட்டரும் பிழைபடாமல் படிக்கத் தெரிந்தவர்களுக்கே பொறுப்பான வேலை கிடைக்கும். அப்பழக்கம் இன்றைய அறிவியல் வகுப்பில் தொடங்குகிறது.

ஆகவே, இன்று மாலை பிள்ளை அளவுகோலை எடுத்து அமரும்போது நாமும் அருகில் அமர்வோம். நாளைக் காலை ஸ்டோரில் நம் பாலை நிறுக்கும்போது முள்ளைக் கண் மட்டத்தில் பார்ப்போம். பதிவாகும் எண்ணைக் கேட்டு அறிந்து, வீட்டில் ஒரு குறிப்பேட்டில் அலகோடு எழுதி வைப்போம். பிறர் சொன்னதை மட்டுமே நம்பி நின்ற நம் முன்னோருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.